கமிசேயில் குனிந்த கார்கள்

ஜப்பானில் ஷோவா சக்கரவர்த்தி பட்டமேறிய நாற்பத்து மூன்றாம் ஆண்டு, பிளம் பூக்கும் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிரிஹாரா மோட்டார் கம்பெனி செய்த கார்களெல்லாம் டோமியே என்பவளின் சலூனைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று, முன்பக்கத்தைத் தாழ்த்தித் தலை குனிந்துவிட்டுப் போகத் தொடங்கின. அன்று கமிசே சந்தையில் முள்ளங்கி விலை ஏறியிருந்ததால் பெண்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். முதலில் குனிந்தது பல் வைத்தியரின் வெள்ளைக் கார். அடுத்தது அரிசி மண்டியின் வண்டி. அதற்குப் பின்னால் வந்த வேறு கம்பெனிக் கார் ஒன்று நமக்கென்ன என்று நேராகப் போய்விட்டது. பக்கத்து வீட்டு டாக்சிக்காரர் ஹமாஜி தன் வண்டியும் குனிந்ததும் இறங்கி வந்து, சக்கரத்தைக் காலால் ஒரு தட்டு தட்டினார். "என்னைப் பாத்து ஒரு நாளாவது குனிஞ்சியா நீ? தினம் உன்னைக் குளிப்பாட்டுறவன் நான்" என்று அதனிடம் கோபித்துக்கொண்டார்.

கிரிஹாரா கம்பெனி முதலில் கார் செய்யவில்லை. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு செய்தது. போருக்குப் பிறகு இரும்பு கிடைத்த அளவுக்கு மூன்று சக்கர வண்டி செய்தது. அதில் மீனும் கரியும் ஏற்றி ஊர் பிழைத்துக்கொண்டது. அப்புறம்தான் மிசாவோ என்கிற சின்னக் கார் வந்தது. மிசாவோ என்றால் கற்பு என்றும் சொல்லலாம், சொன்ன சொல் மாறாமை என்றும் சொல்லலாம்; வாங்கியவர்கள் வசதிப்படி எடுத்துக்கொண்டார்கள். பனியில் கிளம்பும், மலையேறும், எண்ணெய் மாற்ற மறந்தாலும் முகம் சுளிக்காது என்று பெயரெடுத்தது. "உங்களைத் தலை குனிய வைக்காத வண்டி" என்று ரயில் நிலையங்களிலெல்லாம் எழுதிப் போட்டார்கள். கமிசேயில் பாதிப்பேர் அங்கே வேலை செய்தார்கள். மீதிப்பேர் அந்தப் பாதிப்பேருக்குச் சோறும் சாராயமும் முடிவெட்டும் விற்று வாழ்ந்தார்கள். டோமியே இரண்டாவது பாதி. அவள் கணவன் கென்சாகு முதல் பாதி. மிசாவோவுக்கு பிரேக் பூட்டுகிற வேலை.

அந்தத் தொழிற்சாலையில் வேலையாட்களின் தலைக்கு மேலே நீளமாக ஒரு கயிறு ஓடும். யார் கண்ணில் என்ன குறை பட்டாலும் அதை இழுக்கலாம். மணி அடித்து, கார் பூட்டும் மொத்த வரிசையும் நின்றுவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதைக் காட்டிக் காட்டிக் கம்பெனிக்குப் பெருமை தாங்காது. ஒரு நாள் கென்சாகு சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னைக்குக் கயிற இழுத்தேன். பிரேக் ஆயில் போற ரப்பர் குழாய் சரியில்ல, குளிர் தாங்காதுன்னு தோணுது" என்றான். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் டோமியே. "பாத்துக்கறோம்னாங்க. மணி நின்னுடுச்சு, வரிசை ஓடிடுச்சு" என்று சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுக்க ஆரம்பித்தான். பார்த்துக்கொள்வார்கள் என்று அவனும் நம்பினான். நம்பித்தான், வேலையாட்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் அந்த மாதமே ஒரு மிசாவோ வாங்கினான்.

தை மாதக் குளிரில் அந்தக் கார் ஆற்றுச் சரிவில் நிற்காமல் போய்த் தண்ணீரில் விழுந்தது. கம்பெனி ஆட்கள் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார் என்றார்கள். பிரேக் பூட்டிப் பூட்டியே கை காய்த்துப்போன மனுஷனுக்கு பிரேக் எதுவென்று தெரியவில்லையாம். ஊர் அதற்கும் தலையாட்டியது. சம்பளம் வாங்குகிற ஊர் வேறென்ன செய்யும்? டோமியே மட்டும் தலையாட்டவில்லை. செத்தவனைத் திட்டினால்கூடப் பொறுத்திருப்பாள். அவன் தொழிலைத் திட்டியதைப் பொறுக்க முடியவில்லை.

துக்க வீட்டுக்குக் கம்பெனி சார்பில் வந்தவர் பொது அலுவல் பிரிவின் குசுமி. மன்னிப்புக் கேட்பதுதான் அவருக்கு உத்தியோகம். அதற்கென்றே தைத்த கறுப்புக் கோட்டும், எங்கே எவ்வளவு குனியலாம் என்று பழகிய முதுகும் அவரிடம் இருந்தன. பயறு யோகான் இனிப்புக் கட்டியை இரண்டு கையாலும் நீட்டி, "ஊரைப் பரபரப்பாக்கியதற்கு மன்னிக்க வேண்டும்" என்றார். எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் எல்லாமே இந்த வாக்கியத்தைத்தான் சொல்லும். மன்னிப்பும் கேட்ட மாதிரி இருக்கும், தப்பை ஒத்துக்கொண்ட மாதிரியும் இருக்காது.

"பரபரப்பாக்குனது யாரு குசுமிசான்? எங்க வீட்டுக்காரரா, உங்க பிரேக்கா?"

"அது வந்து ஒகுசான், அம்மா... மேலிடத்துல யோசிச்சுக்கிட்டு இருக்காங்க."

"நல்லா யோசிக்கட்டும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அவரு சரியாத்தான் மிதிச்சாரு, தப்பு வண்டி மேலன்னு கம்பெனி அதோட வாயால சொல்லணும். அது வர்ற வரைக்கும் இந்த இனிப்பு கசக்கும், எடுத்துட்டுப் போங்க."

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் கார்கள் குனியத் தொடங்கின. யாராவது குனிந்தால் பதிலுக்குக் குனிவது எங்களுக்கு மூச்சு விடுவது போல. தொலைபேசியில் பேசும்போதுகூடக் குனிகிற ஜனங்கள் நாங்கள். குனிந்தவன் மன்னிப்புக் கேட்கிறான் என்றால், பதிலுக்குக் குனிந்த நிமிஷமே விவகாரம் முடிந்தது என்று அர்த்தம். பல் வைத்தியரின் கார் குனிந்தபோது டோமியேயின் கழுத்தும் தன்னால் பாதி இறங்கிவிட்டது. சட்டென்று நிமிர்த்திக்கொண்டாள். வார்த்தை வராமல் விவகாரத்தை முடிக்க அவளுக்கு மனமில்லை. அன்றிலிருந்து அவள் எதற்குமே குனியவில்லை. வாடிக்கையாளரின் நாற்காலியை மோட்டுக்கு உயர்த்திவைத்து, நிமிர்ந்தபடியே முடிவெட்டினாள். கீழே விழுந்த சீப்பைக் குந்தி உட்கார்ந்து எடுத்தாள். கோயிலுக்குப் போனால் புத்தரையும் நேருக்கு நேர் பார்த்துவிட்டு வந்தாள். "புத்தர் பாவம், அவரா கார் செஞ்சாரு?" என்று ஹமாஜி கேட்டதற்கு, "பழக்கம் விட்டுப் போயிடக்கூடாது பாருங்க" என்றாள்.

கம்பெனி முதலில் சாலையைக் குறை சொல்லி அந்த இடத்தில் புதுத் தார் போட்டது. பிறகு தாரைச் சுரண்டிவிட்டு மறுபடியும் போட்டது. ஆராய்ச்சிப் பிரிவினர் வந்து காரின் பின்பக்கத்தில் மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தார்கள். மூட்டையோடு சேர்ந்து குனிந்தது. டோமியேக்கு வேறு தெருவில் பெரிய கடையாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொழிற்சாலை ஆட்கள் பயந்து கொஞ்ச காலம் அவளிடம் முடிவெட்டிக்கொள்ள வராமல் இருந்தார்கள். ஆனால் ஊரில் வேறு சலூன் கிடையாது. முடி வளர்ந்து காது மறைந்த பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். குசுமி ஆண்டுதோறும் நினைவு நாளன்று வந்தார். ஓர் ஆண்டு "மனக்கவலை தந்ததற்கு" என்றார்; மறு ஆண்டு "எதிர்பாராத சங்கடத்துக்கு" என்றார். வார்த்தையில் எடை குறையக் குறைய யோகானின் எடை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அதைத் தூக்கி வர அவருக்குத் துணைக்கு ஆள் தேவைப்பட்டது.

கார்களும் ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாகக் குனிந்தன. தினமும் பார்க்கிறவர்களுக்கு அது உறைக்கவில்லை. முன்பக்கம் இறங்க இறங்கப் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. ஹமாஜி தன் டாக்சியில் கூரையோடு தோல் வார் கட்டிவைத்தார். திருப்பம் வந்ததும், "பிடிச்சுக்குங்க, டோமியேசான் வீடு வருது" என்பார். முட்டை வாங்கிப் போகிறவர்கள் சலூனுக்கு முன்னாலேயே இறங்கி, அந்தப் பக்கம் நடந்துபோய் ஏறிக்கொண்டார்கள். மற்றபடி ஊருக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

ஷோவா ஐம்பத்திரண்டில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் இதைப் படம் பிடித்துப் போட, கடல் தாண்டிய ஊர்களில் மிசாவோ விற்பனை எகிறியது. மரியாதை தெரிந்த கார் என்று அங்கே கொண்டாடினார்களாம். கிரிஹாரா கம்பெனிக்குத் தலைகால் புரியவில்லை. இதே மரியாதையை உள்ளூரிலும் விற்றால் என்ன என்று தோன்றியது. கறுப்புக் கோட்டோடு குசுமி மறுபடியும் வந்தார்.

"விளம்பரப் படம் எடுக்கறாங்க ஒகுசான். கார் குனியும், நீங்க வாசல்ல நின்னு பதிலுக்கு லேசா ஒரு தடவை... அவ்வளவுதான்."

"லேசான்னா எவ்வளவு?"

"கோழி அரிசி கொத்துற அளவு போதும்."

"அப்ப கோழியவே நிக்க வெச்சு எடுத்துக்குங்க" என்றாள் டோமியே. சொல்லிவிட்டு உள்ளே போனாள். கென்சாகுவின் சாவையே கடைச் சரக்காக்கி விற்கப் போகிறார்களே என்று அன்றைக்குத்தான் முதல் தடவை பயந்தாள். வார்த்தை வராமலே போய்விடுமோ, கடைசியில் கென்சாகு பிரேக் தெரியாதவனாகவே நின்றுவிடுவானோ என்று நினைத்து, ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் இல்லாமலேயே படம் எடுத்தார்கள். நாட்டின் எல்லா நாளிதழ்களிலும் முழுப்பக்கத்துக்கு வந்தது. நீல மிசாவோ ஒன்று பின்சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கக் குனிந்திருக்கிறது. கீழே "மரியாதை அறிந்த வண்டி" என்ற வரி. அதில்தான் கம்பெனி கோட்டைவிட்டது. எங்கள் ஊர்களில் எதிர்ப்படுகிறவருக்குக் குனிவது பதினைந்து டிகிரி, மரியாதைக்கு முப்பது, தப்புச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் நாற்பத்தைந்து. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சுவரோரமாக நிற்கவைத்துச் சொல்லித் தருவார்கள். கம்பெனி தன் ஆட்களுக்கும் சொல்லித் தந்ததுதான். பார்த்துப் பார்த்துப் பழகியதில் படத்தை அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. காலையில் நாளிதழைப் பிரித்த பெண்களுக்கோ பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சந்தேகப்பட்டவர்கள் பிள்ளைகளின் பாகைமானியை எடுத்துவைத்துப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து, ஒரு டிகிரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மதியத்துக்குள் கம்பெனியின் தொலைபேசிகள் ஓயாமல் அலற ஆரம்பித்தன. தெற்கே கியூஷுத் தீவிலிருந்து ஒரு அம்மாள், "என்ன பண்ணித் தொலைச்சீங்க, இந்தக் குனி குனியுறதுக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் கேட்டது அதைத்தான்.

அப்போது நிறுவனரின் பேரன் தகாமிச்சி தலைவராக இருந்தார். கேள்விக்குப் பதில் தெரியாமல் அவர் கமிசே தொழிற்சாலைக்கே வந்து, கென்சாகு ஆற்றில் விழுந்த குளிர்காலத்தில் செய்த கார்களைத் தேடிப் பிடித்து, தன் எதிரிலேயே பிரிக்கச் சொன்னார். பிரேக்கின் ரப்பர் குழாய்கள் காய்ந்த கணவாய் மீன் மாதிரி வெடித்துக் கிடந்தன. வரிசையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். கென்சாகு கயிற்றை இழுத்ததையும், மேலே இருந்தவர்கள் வரிசையை ஓட்டச் சொன்னதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்.

மறுநாள் காலை தகாமிச்சி சலூனுக்கு வந்தார். அவர் கார் வாசலில் குனிந்தபோது அவரும் உருண்டு முன்கண்ணாடியில் முட்டிக்கொண்டார். சமாளித்து இறங்கி, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, காருக்குப் பக்கத்திலேயே காரின் அளவுக்குக் குனிந்தார். பையிலிருந்து எழுதிவைத்த தாள் எதையும் எடுக்கவில்லை.

"கென்சாகுசான் சரியாத்தான் மிதிச்சாரு. எங்க பிரேக்தான் பிடிக்கல. அவரு கயிற இழுத்தப்பவே நாங்க கேட்டிருக்கணும். தப்பு எங்களோடது."

டோமியே உள்ளே போனாள். பூஜை மாடத்தில் இருந்த கென்சாகுவின் படத்துக்கு முன்னால் மணியைத் தட்டி, "கேட்டீங்களா? சரியாத்தான் மிதிச்சீங்களாம். சரியாத்தான் மிதிச்சீங்களாம்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தெருவில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. ஹமாஜி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அழுது முடித்து, முகம் கழுவி, நல்ல மனசோடு விவகாரத்தை முடித்துவிடலாம் என்று வாசலுக்கு வந்தாள். பதிலுக்குக் குனியப் பார்த்தாள். கழுத்து வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக எதற்கும் குனியாத கழுத்து அப்படியே இறுகிப்போயிருந்தது. கையால் பிடரியை அழுத்திப் பார்த்தாள். ஹமாஜி பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார். "மன்னிச்சுட்டேங்க, நெசமாவே மன்னிச்சுட்டேன், குனியத்தான் வரல" என்று அவள் தகாமிச்சியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். ஆனால் வாயால் சொன்னது முதுகுக்குப் போய்ச் சேரவில்லை. தப்புச் செய்தவன் முதலில் நிமிர்வது எங்களிடம் வழக்கமில்லை. மழை வந்தது, யாரோ அவருக்குக் குடை பிடித்தார்கள். சாயங்காலம் அவர் அப்படியே குனிந்தபடி நடந்து வீட்டுக்குப் போனார்.

மூலிகைத் தைலம், ஊசி வைத்தியம், வெந்நீர் ஊற்று எல்லாம் டோமியேக்குப் பார்த்தாயிற்று. கம்பெனி எல்லா மிசாவோக்களையும் திரும்பக் கூப்பிட்டுக் குழாயை மாற்றிக் கொடுத்தது. சில காலம் படுத்துக்கிடந்த விற்பனை மெதுவாக எழுந்து உட்கார்ந்தது. தொழிற்சாலையில் கயிறு இழுத்தால் இப்போது மணி லேசில் நிற்பதில்லை. கார்கள் வழக்கம்போல் சலூன் வாசலில் குனிந்துவிட்டுப் போகின்றன. தகாமிச்சி குனிந்தபடியே கம்பெனியை நடத்துகிறார். வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தே ஆளை எடைபோடக் கற்றுக்கொண்டாராம்.

மாதத்துக்கு ஒரு முறை முடிவெட்டிக்கொள்ள டோமியேயிடம்தான் வருகிறார். அவருடைய பிடரி ஏற்கெனவே கத்திக்கு வாகாகக் குனிந்திருப்பதால் அவளுக்கு வேலை சுலபம். நாற்காலியை உயர்த்திவிட்டால் அவளும் குனிய வேண்டியதில்லை.

"இன்னும் கோபமா டோமியேசான்?" என்று ஒரு தடவை தன் முழங்காலைப் பார்த்துக் கேட்டார்.

"மனசு எப்பவோ இளகிடுச்சு, கழுத்துதான் இளகல" என்றாள் டோமியே. "ஆடாம இருங்க, கத்தி வைக்கறேன்."