ஐம்பத்தைந்தில் நின்ற படங்கள்

என் வீட்டுக்காரர் ஒரு லென்ஸ் வாங்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த எட்டு மாதத்தில் எங்கள் மாடிவீட்டுப் பெண் கல்யாணம் செய்து, சண்டை போட்டு, அம்மா வீட்டுக்குப் போய், சமாதானமாகித் திரும்பியே வந்துவிட்டாள். இவர் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எந்த லென்ஸைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பார்க்கிற வேலை அப்படி. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிறவர். மூன்று எடைக்கல் வைத்து மூன்று தடவை பார்க்காமல் எந்தத் தராசையும் நம்ப மாட்டார். வீட்டிலும் அதே கதைதான். எனக்குத் தலைவலி என்றால் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டுத்தான் பிரிப்பார். அதற்குள் தலைவலியே போய்விடும்.

கேமரா வாங்கியபோது பெட்டியிலேயே ஒரு லென்ஸ் கொடுத்திருந்தார்கள். பதினெட்டு மில்லிமீட்டரிலிருந்து ஐம்பத்தைந்து வரை போகும். பதினெட்டில் வைத்தால் அறை முழுக்கப் படத்துக்குள் வந்துவிடும், ஐம்பத்தைந்துக்குத் திருப்பினால் தூரத்தில் இருப்பது கொஞ்சம் கிட்டே வரும். வெயிலில் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாம் கலங்கிப்போகும். மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று முடிவுசெய்தார். முடிவுசெய்வதெல்லாம் உடனே செய்துவிடுவார், அதற்கு அப்புறம்தான் எட்டு மாதம்.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வந்தது.

போன வருஷம் ஒரு காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடதுபக்கமாகத் தானே வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் இடது பாதி தொங்கிக்கொண்டிருந்தது. முகவாதம் என்றார் டாக்டர். மாத்திரை, பயிற்சி என்று நாலைந்து மாதத்தில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதி சிலருக்குச் சரியாகும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும் என்றார். எனக்கு நின்றுவிட்டது. இடது உதட்டோரம் கீழே இழுத்திருக்கும். இடது கண் மெதுவாகத்தான் மூடும். சிரித்தால் பாதி முகம் மட்டும் சிரிக்கும்.

நானோ பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தவள். பல் கட்ட வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் வாயைத்தான். பல் டாக்டரிடம் கேட்டு, உள்ளறையில் போன் எடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டேன். போனில் யாருக்கும் முகம் தெரியாது. என் குரலைக் கேட்டுவிட்டு ஏதோ பெரிய அழகி பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. நினைத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன நஷ்டம்.

ஆனால் வீட்டில் போனில் பேசிக் குடும்பம் நடத்த முடியாதே. முகம் இழுத்துக்கொண்ட முதல் வாரமே இவர் பழக்கதோஷத்தில் கேமராவைத் தூக்கினார். எனக்கு வந்ததே கோபம்.

"அதை இன்னொரு தடவை என் மூஞ்சிக்கு நேரா கொண்டு வந்தீங்க, ஜன்னல் வழியா வீசிடுவேன். கேமராவை மட்டும் சொல்லல, உங்களையும் சேத்துத்தான் சொல்றேன்!"

அன்றைக்கு இறக்கியவர்தான், திரும்பக் கொண்டுவரவில்லை. நானும் என் இடது பக்கத்தை அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன். சாப்பாட்டு மேசையில் நாற்காலி மாறினேன், கட்டிலில் பக்கம் மாறினேன், தெருவில் எப்போதும் அவருக்கு இடதுபுறமாக நடந்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற புருஷன் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனாலும் ஒரு தடவைகூட மீறிப் பார்க்கவில்லையே என்பதுதான் என்னை அரித்துத் தின்றது. ஞாயிறானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு காக்கா, புறா என்று கிளம்பிவிடுவார். இந்த முகத்தைப் பார்க்க அவருக்கே பிடிக்கவில்லை என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டு, அவர் யோசித்துப் பதில் சொன்னால் நான் என்ன செய்வேன்? இவர் எதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தாளைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கட்டம் கட்டமாக எண்கள்.

"எந்தப் படத்தை எத்தனை மில்லிமீட்டர்ல எடுத்தோம்னு கேமராவே குறிச்சு வச்சுக்கும், தெரியுமா? ஒரு வருஷத்துப் படம் மொத்தத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன். நூத்துக்கு எண்பது படம் ஐம்பத்தஞ்சுல நிக்குது. அதுக்கு மேல திருப்ப முடியாம நிக்குது. எனக்குத் தேவை தூரத்துக்குப் போற லென்ஸ். இருநூத்தம்பது."

"அடேயப்பா! இதைக் கண்டுபிடிக்க எட்டு மாசமா?"

"சந்தேகத்துக்கு இடமில்லாம இருக்கணும்ல."

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றேன். தனியாக விட்டால் அங்கேயும் சந்தேகம் வந்து வெறுங்கையோடு திரும்புவார், ஒன்பதாவது மாதம் தொடங்கிவிடும்.

பழைய கேமராக்களும் லென்ஸ்களும் வாங்கி விற்கிற கடை. ஒரு நாற்காலிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள், ஒவ்வொன்றிலும் உள்ளே ஈரம் ஏறிவிட்டதா என்று காட்டுகிற ஒரு சின்ன மானி. கடைக்காரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி ஒரு லென்ஸ் மேலிருந்து தூசியை ஊதிக்கொண்டிருந்தார். நான் முடியை இடது கன்னத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

இவர் தாளை நீட்டினார். அந்தம்மா அதைத் தொடக்கூட இல்லை.

"பேப்பர் இருக்கட்டும் சார். நீங்க எடுத்த படத்தைக் காட்டுங்க, அப்புறம் நான் லென்ஸ் காட்டறேன். என் கடையில அப்படித்தான். வாங்கிட்டுப் போயி நாலு நாள்ல திருப்பிக் கொண்டாந்து என் உயிரை எடுக்கறவங்க அதிகம்."

இவர் தயங்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் வேறு வழியில்லாமல் கேமராவிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார். எதற்கு இந்தப் பார்வை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பெரிய திரையில் முதல் படம் வந்தது.

"என்ன சார் இது?"

"புறாங்க."

"புறா ஓரமா உக்காந்திருக்கே. நடுவுல யாரு?"

அந்தம்மா படத்தைப் பெரிதாக்கினார். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மங்கலாக இருந்தது. செருப்பை வைத்துத்தான் அது நான் என்று எனக்கே தெரிந்தது.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி மேல் காக்கா. காக்காவுக்குப் பின்னால் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவள் நான். அடுத்ததில் தெருமுனையில் பையோடு போகிறேன். அடுத்ததில் எதிர்க்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். கடைக்காரம்மா தள்ளிக்கொண்டே போனார், நானும் வந்துகொண்டே இருந்தேன். எல்லாவற்றிலும் விரல் நீளத்துக்கு, முதுகையோ தலையையோ காட்டிக்கொண்டு. ஒன்றில்கூட முகம் இல்லை.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. இடம் பொருள் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"ஒரு வருஷமா திருட்டுத்தனமா என்னைப் படம் எடுத்துட்டிருந்தீங்களா? சொந்தப் பொண்டாட்டியை ஒளிஞ்சிருந்து எடுக்கற ஆளை இப்பதான் பாக்கறேன்!"

அவர் யோசித்தார். நான் பயந்த அதே யோசனை.

"மூஞ்சிக்கு நேரா கொண்டு வராதீங்கன்னுதானே சொன்ன? எடுக்காதீங்கன்னு சொல்லலையே" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "எடுக்காம இருக்க முடியலம்மா."

கடைக்காரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி.

"இதுக்கு முந்தின படம் இருக்கா சார்?"

"இருக்குங்க. ஆனா அது கணக்குல வராது. ஒரு வருஷம் தாண்டின அளவை நாங்க எடுத்துக்கறதில்ல. முத்திரைக்கே ஒரு வருஷம்தான் ஆயுசு."

"என்ன முத்திரை?"

"தராசுக்கு வைக்கிற முத்திரைங்க. அதான் என் வேலை."

அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். "கேமராவுக்கும் அதே சட்டம்தானா? நல்லா இருக்கு சார் போங்க!"

பழைய கார்டு கேமராப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் இருக்கும். அவர் எடுக்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

இந்தத் தடவை திரையில் என் முகம்தான், கைக்கெட்டும் தூரத்திலிருந்து எடுத்தது. வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிறேன். தூங்கி எழுந்து எரிந்து விழுகிறேன். கரண்டியை ஓங்கிக்கொண்டு அடிக்க வருகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே மில்லிமீட்டர் எண் இருந்தது: இருபத்தெட்டு, முப்பத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து. பாதி படங்கள் வெளிச்சம் போதாமல் கலங்கியிருந்தன. அவ்வளவு கலங்கிய படங்களைக்கூட அழிக்காமல் வைத்திருந்தார்.

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"சார், நீங்க கிட்ட நின்னு எடுக்கற ஆளு. தூரத்துக்குப் போற லென்ஸ் உங்களுக்கு எதுக்கு? இந்த ஒரு வருஷம் ஏதோ ஒண்ணு உங்களைத் தள்ளி நிறுத்தியிருக்கு, அவ்வளவுதான்."

ஏதோ ஒண்ணு என்றார் அந்தம்மா. அது நான்தான். நான் தள்ளி நிறுத்திவிட்டு, ஏன் தள்ளி நிற்கிறார் என்று நானே ஒரு வருஷம் புழுங்கியிருக்கிறேன். இப்படி ஒரு மடத்தனத்தை வேறு யாராவது செய்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன்.

மேசை மேல் இரண்டு லென்ஸ்களை வைத்தார் அந்தம்மா. ஒன்று நீளமாக, கனமாக இருந்தது. இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற அளவு. இவர் கை நீளமானதன் மேல்தான் போனது.

"இது இருந்தா இவளுக்குத் தொந்தரவு இருக்காது. தெருவுக்கு அந்தப் பக்கத்துலருந்தே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அந்தச் சின்னதை மாட்டுங்க" என்றேன்.

"அதுல ஜூம் கிடையாதும்மா. முப்பத்தஞ்சுலயே நிக்கும். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் நல்லா வரும், அது சரிதான். ஆனா கிட்டப் பாக்கணும்னா நான்தான் நடந்து வரணும்."

"கால் இருக்குல்ல? நடங்க."

கடைக்காரம்மா சின்ன லென்ஸை மாட்டிக் கொடுத்துவிட்டு, "ஜன்னல்கிட்ட வெளிச்சம் இருக்கு, எடுத்துப் பாருங்க" என்று உள்ளே போய்விட்டார். உள்ளே அவருக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஜன்னலோரம் ஒரு முக்காலி இருந்தது. உட்கார்ந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவர் நாலு அடி தள்ளி, கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் எங்க நிக்கட்டும்?" என்று கேட்டார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. எங்கே நிற்பது என்று என்னிடம் கேட்க வேண்டிய நிலைமையில் அவரை வைத்திருக்கிறேன்.

"இங்க வாங்க. இன்னும் கிட்ட. அட, நான் என்ன கடிச்சா வைக்கப் போறேன்?"

வந்தார். பழக்கத்தில் வலது கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கேமராவைத் தூக்கவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு மெதுவாக அந்தப் பக்கம் போய்க் குனிந்தார். நான் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. முடியை மட்டும் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். ஒரு சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு கேமராவின் பின்புறத் திரையைப் பார்த்தோம். இறங்கிய உதட்டோரம் இருந்தது. மூடத் தாமதிக்கிற அந்த இடது கண் இமைமுடி வரைக்கும் தெளிவாக விழுந்திருந்தது. என் நல்ல பாதிதான் பின்னால் மங்கிப்போயிருந்தது.

"எதுக்கு இந்தப் பக்கம் போனீங்க? அந்தப் பக்கம்தானே நல்லா இருக்கு."

"அந்தப் பக்கத்தைத்தான் தினமும் காட்டறியே" என்றார். "இதைப் பாத்து ஒரு வருஷமாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் முகத்தில் அதுவும் கோணலாகத்தான் வரும். திரையை மறுபடியும் பார்த்தேன்.

"நல்லாவே இல்ல" என்றேன்.

"ஆமா, கை கொஞ்சம் ஆடிடுச்சு" என்றார் அவர். "இன்னொண்ணு எடுக்கறேன். அப்படியே இரு."

அப்படியே இருந்தேன்.