கந்தலுக்குக் கிடைத்த வேஷம்

"பழைய துணிக்குப் பாத்திரமே!" என்று பாத்திரக்காரி கிருஷ்ணவேணியின் குரல் பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் கேட்டதுமே அம்சா அடுப்பிலிருந்த குழம்பை மறந்தாள். எவர்சில்வர் குடத்தின் மேல் அவளுக்கு அப்படியொரு பைத்தியம். தெருவில் எல்லார் இடுப்பிலும் அது ஏறிவிட்டது. இவள் இடுப்பில் மட்டும் ஒடுங்கிப்போன பித்தளைக் குடம். மானம் போகிறதே!

வீட்டிலிருந்த பழைய புடவை, வேட்டி, சட்டை அத்தனையும் கொட்டியாயிற்று. கிருஷ்ணவேணி உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னும் ஒண்ணு போடுமா. குடமாச்சே, சும்மாவா?"

ஆணியில் ஒரு சட்டை தொங்கியது. கந்தலென்றால் கந்தல், நாய்கூடச் சீந்தாது. அதையும் சுருட்டிப் போட்டாள். குடம் கைக்கு வந்தது. அன்று முழுக்க அதில் முகம் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் தறியைவிட்டு எழுந்து வந்த புருஷன் அந்தோணி ஆணியைப் பார்த்தான்.

"அம்சா, என் பிச்சைக்காரன் சட்டை எங்க?"

அடி ஆத்தாடி! குடத்து ஆசையில் அடியோடு மறந்துபோனாளே! சாயங்காலம் மாதா கோயில் திருநாள் நாடகம். வருஷா வருஷம் திரைச்சீலை இழுத்தவனுக்கு இப்போதுதான் ஒரு வேஷம் கிடைத்திருந்தது, பைபிள் கதையில் பணக்காரன் வாசலில் கையேந்தும் பிச்சைக்காரன். அதற்கென்றே பார்த்துப் பார்த்துக் கிழித்து, செம்மண்ணில் புரட்டி வைத்த சட்டை அது.

"மிச்சம் இருக்கறது கல்யாணச் சட்டைதான். அதப் போட்டுக்கினு போனா எவன் பிச்சை போடுவான்? மறுபடியும் திரைதான் இழுக்கணும்" என்றான்.

அம்சா குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே அவனும் ஓடினான்.

கிருஷ்ணவேணி வீட்டுக் கொடியில் அந்தச் சட்டை மாப்பிள்ளை முறுக்கோடு ஆடிக்கொண்டிருந்தது. "ஒட்டுப் போட்டு, காலரத் திருப்பித் தெச்சு, தொவைச்சு, நீலம் போட்டிருக்குது. வாலாஜாபாத் சந்தைக்குப் போவுது" என்றாள் அவள் பெருமையாக.

அம்சா குடத்தை நீட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. "இத நீயே வெச்சுக்கோக்கா. எனக்கு ஒரு கந்தல் குடு."

விஷயத்தைக் கேட்ட கிருஷ்ணவேணி விழுந்து விழுந்து சிரித்தாள். "என்கிட்டயா கந்தலுக்குப் பஞ்சம்? குடத்த எடுத்துக்கினு போம்மா!" என்று கோணியை உதறினாள். காலையில்தான் வந்த பச்சைக் கட்டம் போட்ட சட்டை ஒன்று விழுந்தது. முதுகெல்லாம் சல்லடை. அந்தோணி அதை மாட்டிக்கொண்டு அங்கேயே ஒரு சுற்று ஆடினான். அப்படியே கோயிலுக்கு ஓடினார்கள்.

மேடையில் பணக்காரனாக அரிசி மில் மேஸ்திரி தேவசகாயம். பழம்பட்டுப் புடவையின் ஜரிகைக் கரையை வெட்டித் தைத்த துண்டு தோளில் மின்ன, வடை பாயசத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்தோணி தவழ்ந்து வந்து கையேந்தினான். அவர் விரட்ட வேண்டும். விரட்டவில்லை, வாயைப் பிளந்தார்.

"டேய், அது என் சட்டைடா! அடியே மேரி, என் சட்டையப் போட்டா பால் குண்டான் வாங்கின?"

கூட்டத்தில் அவர் பெண்சாதி மேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜனம் கொல்லென்று சிரித்தது. போச்சு, வேஷம் போச்சு என்று அம்சா துடித்தாள்.

அந்தோணி ஏந்திய கையை இறக்கவேயில்லை.

"ஆமாய்யா, உன் சட்டைதான். நீ வேணாம்னு போட்டதுதான் எனக்குத் திருநாள் துணி. சோறும் அப்படித்தான். போடுய்யா."

சிரிப்பு அடங்கிவிட்டது. தேவசகாயத்தின் கை தானாகவே ஒரு வடையை எடுத்து நீட்டியது.

"ஐயோ, பணக்காரன் குடுக்கக் கூடாதுய்யா, கதை கெட்டுச்சு!" என்று திரைக்குப் பின்னாலிருந்து யாரோ அலறினார்கள். யார் கேட்டார்கள்? ஒரே விசில். அம்சா மடியிலிருந்த புதுக் குடத்தைக் கவிழ்த்துத் தவில் மாதிரி இரண்டு கையாலும் அடித்தாள். ஒடுங்கினால் ஒடுங்கட்டுமே!