பன்னிரண்டாயிரம், கமிஷன் தனி

1

ஒரு மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் ஆரம்பித்தது இந்தக் கதை. மெல்போர்னில் ஒரு ஹோட்டல் மாடியில் நாணய ஏலம். நான் கடைசி வரிசையில் இருந்தேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் எண் போட்ட அட்டையைத் தூக்குகிறாள், விலை ஏறுகிறது, பக்கத்தில் இருந்த கணவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைக்கிறார். அவ்வளவுதான் பார்த்தேன். கார் நிறுத்திய நேரம் முடிந்து அபராதம் விழுந்துவிடுமே என்று எழுந்து ஓடிவிட்டேன். அபராதம் எப்படியும் விழுந்திருந்தது. அந்தக் கடுப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். பெயர், ஊர், தொழில், வலி எல்லாம் என் சரக்கு.

2

மழை வருவதற்கு முதல் நாளே க்ளெனிஸின் முழங்கால்

[அடித்துவிட்டேன். முழங்காலை வைத்து வானிலை சொன்னதெல்லாம் போதும்.]

1930-ஆம் வருடத்து ஆஸ்திரேலியப் பென்னி மிக அரிதானது, ஏனென்றால் அந்த ஆண்டில்

[இதுவும் வேண்டாம். வகுப்பு எடுக்கிற மாதிரி இருக்கிறது.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். கோலாக் என்ற சின்ன ஊரில் வாரிக் டன்ஸ்டன் என்று ஒருவர் இருக்கிறார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். அவரிடம் ஒரு பென்னி ஆல்பம். வருடத்துக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு காசு, எல்லாம் நிறைந்துவிட்டன, ஒன்றைத் தவிர. 1930. அந்த ஓட்டையை அவர் நாக்கு, விழுந்த பல்லின் இடத்தைத் தடவுவதைப் போல, விரலால் தடவிக்கொண்டே டீவி பார்ப்பார். அவர் மனைவி க்ளெனிஸ் பள்ளிக்கூட கேன்டீனில் நின்றே வேலை பார்க்கிறவள். வலது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் வரிசை நகரவே இல்லை. தனியாரில் செய்துகொள்ளப் பணம் சேர்க்கிறார்கள். அந்த வங்கிக் கணக்குக்கு வீட்டில் ‘முழங்கால்’ என்றே பெயர்.

(‘அவர் நாக்கு’ என்று எழுதிவிட்டு ‘விரல்’ என்று முடித்திருக்கிறேன். வாக்கியம் உடைந்துவிட்டது. கிடக்கட்டும், அவர் ஆசைக்கும் அவ்வளவு ஒழுங்கு கிடையாது.)

முழங்காலைத் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் வாரிக் தன் வெள்ளிக் காசுகளை மொத்தமாக விற்றார். கையில் வந்தது பன்னிரண்டாயிரம் டாலர். அந்தப் பணத்தோடு ரயில் ஏறி ஏலத்துக்கு வந்தார்கள்.

3

ஏலத்துக்கு முன்னால் காசைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். காசில் பதிந்திருக்கிற ராஜாவின் கிரீடத்தில் எத்தனை முத்து தேயாமல் நிற்கிறது என்று எண்ணுவதுதான் இந்தப் பென்னிக்கு மதிப்பு போடுகிற வழி. வாரிக் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவே மாட்டேன் என்றார்.

“ரெண்டு முத்து நல்லாத் தெரியுது, க்ளெனிஸ். மூணாவதும் இருக்கற மாதிரி இருக்கு.”

“இருக்கற மாதிரியா? என் பொறந்தநாள் கூட உனக்கு இருக்கற மாதிரிதான் ஞாபகம். வெச்சிட்டு வா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

நாற்காலியில் உட்கார்ந்ததும் அட்டையை அவள் கையில் திணித்தார். “நீயே வெச்சுக்க. என் கை நான் சொன்ன பேச்சு கேக்காது. பன்னிரண்டாயிரம். அதுக்கு மேல நான் கெஞ்சினாலும் தூக்காத.”

“கெஞ்சிப் பாரு, இந்த அட்டையாலயே ஒண்ணு வெப்பேன்.”

இங்கே வாசகரிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும், க்ளெனிஸுக்குத் தெரியாது. சுத்தியல் விழுகிற விலைக்கு மேல் ஏலக் கம்பெனி நூற்றுக்கு இருபது கமிஷன் போடும். பத்தாயிரத்துக்கு எடுத்தால் கட்ட வேண்டியது பன்னிரண்டாயிரம். வாரிக் மனசுக்குள் பத்தில் கோடு போட்டிருந்தார். அதை அவர் சொல்லவில்லை. மறைக்கவில்லை ஐயா, சொல்லத் தோன்றவில்லை. நாணயக்காரர்கள் யாருமே கமிஷனைச் சொல்வதில்லை. தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது சொல்வார்களா?

இந்த இடத்தில் என் மனைவி கையெழுத்துப் பிரதியைக் கீழே போட்டாள்.

“ஏங்க, இதெல்லாம் யாரு நம்புவா? இத்தனை வருஷம் அந்த ஆளோட குடும்பம் நடத்தினவளுக்குக் கமிஷன் தெரியாதா?”

“அவங்க இதுவரைக்கும் வாங்கினதெல்லாம் சந்தையிலயும் கடையிலயும்தான். ஏலம் இதான் முதல் தடவை.”

“அப்ப அதை எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.

4

ஆறாயிரத்தில் ஆரம்பித்தது. மூன்று பேர் கேட்டார்கள், ஒருவர் எட்டில் விலகினார், இன்னொருவர் ஒன்பதில். அதற்குப் பிறகு அறையில் க்ளெனிஸ் மட்டும். எதிரே ஒரு தொலைபேசி. மேசையில் ஒரு பெண் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, வாயைக் கையால் மூடி யாருடனோ பேசிப் பேசித் தலையாட்டினாள்.

ஒன்பதரை, தொலைபேசி. பத்து, க்ளெனிஸ்.

வாரிக் மூச்சை இழுத்துப் பிடித்தார். அவர் கோடு அதுதான்.

பத்தரை, தொலைபேசி.

போச்சு. வாரிக் நாற்காலி முதுகில் மாட்டியிருந்த கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிளம்ப வேண்டியதுதான். அப்போது பக்கத்தில் அட்டை உயர்ந்தது. பதினொன்று. இவளுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பினார். க்ளெனிஸ் நேராகப் பார்த்துக்கொண்டு சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள். அவள் கணக்கில் இன்னும் ஆயிரம் பாக்கி இருந்ததே.

பதினொன்றரை, தொலைபேசி. பன்னிரண்டு, க்ளெனிஸ்.

வாரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (நான் பார்த்தது இதை. இனிமேல் நானும் உங்களைப் போலத்தான்.)

பன்னிரண்டரை, தொலைபேசி.

க்ளெனிஸ் அட்டையை மடியில் கவிழ்த்தாள். அவர் பக்கம் சாய்ந்து, “அவ்ளோதான்பா. மனசைத் தேத்திக்க” என்று சொல்லப் போனாள். அதற்குள் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்ளோ தூரம் போவேன்னு நான் நெனைக்கவே இல்ல, க்ளெனிஸ். எனக்காக முழங்கால் காசுல கை வெச்சிட்டியே.”

“எந்த முழங்கால் காசு?”

“கமிஷன் இருக்கில்ல. இருபது பர்சென்ட். பத்துலயே நம்ம பணம் முடிஞ்சு போச்சே.”

கேன்டீன் கல்லாவில் நின்று பழகிய அவள் மண்டை கணக்குப் போட்டுவிட்டது. பன்னிரண்டுக்கு விழுந்திருந்தால் இரண்டாயிரத்து நானூறு முழங்காலில் இருந்து போயிருக்கும். இன்னொரு தடவை தூக்கினால் மூவாயிரத்து அறுநூறு. பிறகு கோபம் வந்தது. கோபம் காசு மேல் இல்லை.

“அப்ப பத்துலயே ஏன் சொல்லல?”

“நீ தூக்கினியே…”

“ரெண்டு தடவ தூக்கினேன். ரெண்டு தடவயும் பக்கத்துல சும்மாதான உக்காந்திருந்த?”

வாரிக் அவள் மணிக்கட்டை விடவில்லை. க்ளெனிஸுக்கு வலித்தது. காலில் இல்லை. எங்கே என்று எழுதினால் கெட்டுவிடும்.

5

தப்பிக்க வழி இருக்கிறது. தொலைபேசியில் இருக்கிற ஆளுக்கு நான் முகமே கொடுக்கவில்லை, கவனித்தீர்களா? அது நான்தான். ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றி இந்த அம்மாளை இங்கே கொண்டுவந்து நிறுத்தினது என் பேனா. இன்னொரு குரல் கொடுத்து, ஒரேயடியாக இருபதாயிரத்துக்குத் தூக்கி, பென்னியை எங்கேயோ அனுப்பிவிடலாம். இருவரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லாமல் ரயிலைப் பிடிக்கலாம். அப்படியே எழுதினேன். படிக்க நன்றாகவே இருந்தது. அயோக்கியத்தனம் என்று கிழித்துப் போட்டேன்.

இன்னொரு முடிவில் அவள் கோபத்திலேயே தூக்குகிறாள். “இந்தா, வெச்சுக்கோ.” ஆல்பம் நிறைகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்த ஆல்பத்தைத் திற

[வேண்டாம். மிரட்டல்.]

“தூக்கமாட்டா” என்றேன் மனைவியிடம். “அவரு நிறுத்திடுவாரு. நல்ல மனுஷன் அவரு. நான்தானே படைச்சேன்.”

“நிறுத்துவாரு. யாரு இல்லன்னா?” என்றாள். பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. “எப்போ?”

அதோடு என் எழுத்து நின்றுவிட்டது. இரண்டு வாரமாக இந்த ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டுகிறேன்.

6

வாரிக் சொல்ல வேண்டிய வாக்கியம் தயார்: “வேணாம் க்ளெனிஸ், அட்டையைக் கீழ வை.” அவர் அதைச் சொல்லிவிட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த இடத்தில் சொன்னார் என்பதுதான் தெரியவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். ஒரே ஒரு இடத்தில்தான் வைக்கலாம். வைப்பதற்கு முன்னால், உங்கள் பக்கத்தில் இருப்பவரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

க்ளெனிஸ் தாழ்ந்த குரலில் கேட்டாள்: “இப்ப எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். சொல்லு. தூக்கட்டுமா, வேணாமா?”

[                    ]

ஏலக்காரர் மேடையிலிருந்து அவளைப் பார்த்தார். “பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, தொலைபேசியில். மேடம், நீங்க?”

[                    ]

அவள் வாரிக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

[                    ]

“மேடம், கடைசித் தடவை கேக்கறேன்.”

[                    ]

அவள் முன்பக்கம் திரும்பினாள்.

[                    ]

சுத்தியல் விழுந்தது.

[                    ]