தோற்றவன் வாசனை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். உப்பின் மேல் ஆணை, உப்பு கரைந்த கடலின் மேல் ஆணை. ஒரு சொல் பொய் என்று யாராவது காட்டிவிட்டால், சொன்ன நாக்கை அறுத்துத் தொட்டியில் போட்டுவிடலாம். தின்பதற்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

பேராசிரியரை அந்தக் கட்டடத்தில் முகத்துக்கு முன்னால் சார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மோப்பம் என்பார்கள். கடலில் வாழும் பிராணிகள் எதை எப்படி மோந்து பார்க்கின்றன என்பதிலேயே அவருக்குத் தலை நரைத்தது. அதிலும் சிங்கி இறால் என்றால் உயிர். சிங்கிக்கு மூக்கு என்பது தலையில் சதா துடித்துக்கொண்டிருக்கும் சின்ன மீசை. சிறுநீர் கழிக்கிற துளையோ முகத்திலேயே இருக்கிறது. இரண்டு சிங்கிகள் மோதினால், கொடுக்கை ஓங்கியபடியே ஒன்றின் முகத்தில் இன்னொன்று பீய்ச்சியடிக்கும். மனிதர்கள் இதையே வாயால் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தோற்ற சிங்கி, ஜெயித்ததின் வாசனையை மறக்காது. மறுநாள் அந்த வாசனை தண்ணீரில் லேசாக வந்தாலே வாலைச் சுருட்டிக்கொண்டு மூலையில் போய் ஒண்டிவிடும்.

இதை நிரூபித்துக் காட்டியவர் என்பதுதான் மோப்பத்தின் பேர், புகழ், சம்பளம், சுழல் நாற்காலி எல்லாம்.

நிரூபித்த விதம் சுலபம். ஜெயித்த சிங்கியின் தொட்டியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு, தோற்ற சிங்கியின் தொட்டியில் ஊற்றுவார். அது பின்வாங்கும். இன்னொரு நாள் வெறும் கடல் தண்ணீரை ஒரு குவளை ஊற்றுவார்கள். அது அசையாது. 'ஊற்றுவார்', 'ஊற்றுவார்கள்' என்று மாற்றிச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். முக்கியமான தண்ணீரை முக்கியமான ஆள்தான் ஊற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. வெறும் தண்ணீரை அப்போதைக்கு அகப்பட்டவர் யாரோ ஊற்றிவிட்டுப் போவார்.

சிங்கிகளை எடை பார்ப்பதும் அவரேதான். ஒவ்வொன்றையும் வெறுங்கையால் முதுகைப் பிடித்துத் தூக்கி, தராசில் கவிழ்த்து, திரும்பத் தொட்டியில் போடுவார். கையுறை போட்டால் விரலுக்குப் புத்தி மந்தமாகிவிடும் என்பார். தூக்கப்பட்ட சிங்கி அவரைப் பற்றி என்ன நினைத்தது என்று அவர் யோசித்ததில்லை. அவர் ஆராய்ச்சி வாசனையைப் பற்றியது, அபிப்பிராயத்தைப் பற்றியது அல்ல.

அவரிடம் ஓர் ஆய்வு மாணவி சேர்ந்தாள். அவள் பேரை எல்லோரும் மறந்து 'மறுபடி' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். காரணம், அவள் எந்த முடிவைக் கொண்டுவந்து காட்டினாலும் மோப்பம் சொன்ன பதில் அதுதான். இரண்டு குவளையையும் அவளே ஊற்றிப் பார்த்தாள். இரண்டுக்குமே சிங்கி அசையவில்லை. "மறுபடி செய்" என்றார். செய்தாள். அசையவில்லை. "மறுபடி." சிங்கியே அலுத்துப்போய்த் தூங்கிவிட்டது.

ஒருநாள் துறைக் கூட்டத்தில் எழுந்து, தலையைக் குனிந்தபடி ஒன்று கேட்டாள்.

"சார், ஒரே ஒரு தடவை மாத்திப் பாக்கலாமா? வெறும் தண்ணிய நீங்க ஊத்துங்க, ஜெயிச்ச தண்ணிய நான் ஊத்தறேன்."

மோப்பத்துக்கு அது சந்தேகமாகப் படவில்லை, அவமரியாதையாகப் பட்டது.

"ஏம்மா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மொதல்ல உன் கைய ஒழுங்கா கழுவக் கத்துக்கோ. அப்புறம் என் கையப் பத்திப் பேசலாம்."

கூட்டம் சிரித்தது. அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஆபரேஷன் டாக்டர் போல் மணிக்கொரு தரம் கை கழுவினாள். தோல் உரிந்ததே தவிர சிங்கி அசையவில்லை. கடைசியில் அவர் சொன்னபடியே, தன் ஆய்வேட்டின் முடிவுரையில் 'கைத்தவறு' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதை வெளியூர்த் தேர்வாளர் முன்னால் நின்று, வாய்விட்டுச் சொல்லவேண்டியது மட்டும்தான் பாக்கி. சொன்னால் பட்டம் கிடைக்காது. வேலை செய்யத் தெரியாத கைக்கு யார் பட்டம் கொடுப்பார்கள்?

தேர்வுக்குச் சில நாள் முன்னால் அது நடந்தது.

ஆய்வகத்திலேயே பெரிய சிங்கி ஒன்று இருந்தது. எதைப் போட்டாலும் திருப்தியில்லாமல் முறைப்பதால் அதற்குச் சம்பந்தி என்று பேர். மதிய வேளை, அறையில் யாருமில்லை. மோப்பம் குனிந்தபோது மூக்குக் கண்ணாடி நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. கண்ணாடியைத் தேடக் கண்ணாடி இல்லை. அது யாருடைய தொட்டி என்று பாராமல் முகத்தைத் தண்ணீருக்குக் கிட்டே கொண்டுபோனார். சம்பந்தி தன் வலது கொடுக்கால் அவர் மூக்கைப் பிடித்தது.

பிடித்தது என்றால், சீர்வரிசையில் குறை கண்டுபிடித்த பிடி. அவர் நிமிர்ந்தார், சம்பந்தியும் கூடவே நிமிர்ந்தது. மூக்கில் தொங்கிய பிராணியோடு அறையை மூன்று சுற்று வந்தார். கத்தினால் ஆள் வந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு சுற்றினார். அப்புறம் தரையில் மண்டியிட்டு, கடல் உயிரியலில் பெரிய பட்டம் வாங்கிய வாயால், மெதுவாகச் சொன்னார்:

"விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மரியாதையாகக் கேட்டதால் விட்டது.

வீட்டில் அவர் மனைவி பல் டாக்டர். மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"கதவா? நான் பாக்காத கடியா? எந்தக் கதவுக்கு ரெண்டு பக்கமும் பல்லு?"

அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார். அவள் அதைப் பிடுங்கி நேராக்கிக் கொடுத்தாள்.

"உங்ககிட்ட ஆராய்ச்சி பண்ற பொண்ணு இன்னிக்கு கிளினிக்குக்கு வந்திருந்தா. மறுபடின்னு கூப்பிடுவீங்களே, அவதான். தூக்கத்துல பல்லக் கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சு போயிருக்கு. யாரு மேலம்மா இவ்வளவு கோவம்னு கேட்டேன். 'என் கை மேல'ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குப் புரியுதா?"

"கை மேலயா?" என்று மட்டும் கேட்டார். மூக்கு வலித்தது.

மறுநாள் காலை அவர் ஆய்வகக் கதவைத் திறந்து, வழக்கம்போல் முதல் தொட்டியில் கையை விட்டார். எப்போதும் அந்தக் கையைக் கண்டால் மூலைக்குப் போகும் சிங்கி, மீசையைத் துடிக்கவிட்டு மோந்து பார்த்தது. பிறகு கொடுக்கை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தது. அடுத்த தொட்டியிலும் அதே கதை. அதற்கடுத்ததில் ஒரு குஞ்சு இருந்தது, உள்ளங்கையில் அடங்கும். அதுகூடக் கொடுக்கைத் தூக்கிவிட்டது. சிங்கி உலகத்தில் சேதி பரவிவிட்டது: இவன் தோற்றவன்.

மோப்பத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஜெயித்த சிங்கியின் தண்ணீரை ஒரு குவளை மொண்டு, என்றைக்கும் ஓடுகிற ஒரு சோப்ளாங்கியின் தொட்டியில் ஊற்றினார். சோப்ளாங்கி ஓடவில்லை. குவளையைப் பிடித்த விரலை நோக்கிப் பாய்ந்தது.

தொட்டி கழுவ வந்த ஆளைக் கூப்பிட்டு, "இதை நீ ஊத்துப்பா" என்றார். அந்த ஆள் ஊற்றினார். சிங்கி கவலையே படாமல் தன் மீசையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

"இன்னும் ஊத்தணுமா சார்?"

"வேணாம். நீ போ."

தண்ணீர் அதே தண்ணீர்தான். மாறியது கை. சிங்கிகள் இத்தனை காலம் ஓடியது ஜெயித்த சிங்கியைக் கண்டு அல்ல. தினம் முதுகைப் பிடித்துத் தூக்கித் தராசில் கவிழ்க்கிற ஒரு ரவுடியைக் கண்டு. அந்த ரவுடியின் கை படாத குவளைக்கு அவை ஏன் ஓட வேண்டும்? மாணவி கேட்டது இதைத்தான். மாத்திப் பாக்கலாமா என்றுதான் கேட்டாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அது தானாக ஒரு சுற்றுச் சுற்றி அவரைச் சுவரைப் பார்க்க வைத்தது. கூட்டத்தில் எழுந்த அந்தச் சிரிப்பு இப்போது காதுக்குள் ஒவ்வொரு பல்லாகக் கேட்டது. மானம் கப்பலேறும் என்பார்கள். கடலைப் படித்தவருக்கு அந்தக் கப்பல் எவ்வளவு மெதுவாகப் போகும் என்று தெரியும்.

அன்று மாலை மனைவியோடு மீன் மார்க்கெட்டுக்குப் போனார். ஐஸ் மேல் படுத்திருந்த சிங்கிகள் அவர் கடந்துபோகும்போது வரிசையாகக் கொடுக்கைத் தூக்கின. அதில் சில செத்து இரண்டு நாள் ஆனவை.

மீன்காரம்மா வாயில் கை வைத்தாள். "சாருக்கு என்ன மரியாத பாரு! எல்லாம் எந்திரிச்சு நிக்குதே!"

"மரியாத இல்லம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று எதுவும் வாங்கவில்லை.

தேர்வு நாள். வெளியூர்த் தேர்வாளர் ஓர் அம்மா. குரல் உயராது, பார்வை தாழாது. தொட்டி அறையிலேயே உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். மோப்பம் கடைசி நாற்காலியில், பிளாஸ்திரியோடு, சிங்கிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டால் சாயந்திரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பேர் அப்படியே இருக்கும், நாற்காலியும் இருக்கும். அவளுக்கு என்ன, சின்னப் பெண், வேறு ஏதாவது செய்து பிழைத்துக்கொள்வாள். இப்படி நினைத்தவுடன் அவருக்குத் தன் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஏதோ நாறியது. அது மூக்கால் மோக்கிற வாசனை அல்ல.

தேர்வாளர் கேட்டார். "உங்க சார் பாத்தப்போ பின்வாங்கின சிங்கி, நீங்க பாத்தப்போ ஏன் பின்வாங்கல?"

மாணவி எழுந்தாள். தோல் உரிந்த கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அது வந்து மேடம்... என்னோட கைத்தவறு."

அறையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அன்று துறைக் கூட்டத்தில் சிரித்தவர்களில் ஒருவர்தான்.

மோப்பம் எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, அருகிலிருந்த தொட்டியில் கையை விட்டார். சிங்கி கொடுக்கை ஓங்கியது. அடுத்த தொட்டியில் விட்டார். ஓங்கியது. அறை முழுக்கச் சுற்றி வந்தார், ஒவ்வொன்றும் எழுந்து அவரை மிரட்டியது. கடைசியில் சம்பந்தியின் தொட்டி. சம்பந்தி கொடுக்கைக்கூடத் தூக்கவில்லை. பழைய கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"கைத்தவறுதான் மேடம்" என்றார். "ஆனா அந்தக் கை அவளோடது இல்ல. என்னோடது. ஜெயிச்ச தண்ணிய எப்பவும் நான்தான் ஊத்தினேன். அதுங்க பயந்தது எனக்கு. இப்போ பயமும் போயிடுச்சு. இவ இதை எப்பவோ கேட்டா. நான் கைய கழுவிட்டு வான்னு சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அவர் ஈரக் கையைத் துடைக்காமல் நின்றார், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

தேர்வாளர் மாணவியைப் பார்த்தார். "அப்போ உங்க முடிவுதான் சரியா?"

அவள் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. மேசையிலிருந்த இரண்டு குவளைகளில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அது வெறும் தண்ணீர். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"மறுபடி பாத்துடலாம் சார்" என்றாள்.

அந்த வார்த்தையில் குத்தல் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். இல்லை. குவளையை அவசரமாகச் சாய்த்ததில் பாதித் தண்ணீர் அவர் செருப்பில் கொட்டியது. மீதியை ஊற்றினார். சிங்கி பாய்ந்தது. பக்கத்துத் தொட்டியில் அவள் ஜெயித்த தண்ணீரை ஊற்றினாள். சிங்கி அசையவே இல்லை.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. மோப்பம் அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அவள் ஆய்வகத்தில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினார், கையுறை போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல். அவரைப் போகிற வருகிற சிங்கியெல்லாம் மிரட்டியது. அவர் ஒவ்வொன்றுக்கும் லேசாகத் தலைகுனிந்துவிட்டு நகர்வார்.

அந்தத் தொட்டிகளில் இருந்தவை சம்பந்தி உட்பட அத்தனையும் முள் சிங்கி என்கிற வகை. முள் சிங்கிக்குக் கொடுக்கே கிடையாது.