எரியுதுங்களா அக்கா?

கயல்விழி மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் நான் பொய்தான் சொன்னேன்.

"எரியுதுங்களா அக்கா?"

"இல்லீங்க கண்ணு, நல்லா ஜில்லுன்னு இருக்குதுங்க."

தலைக்குச் சாயம் பூசி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. காதோரமும் நெற்றி விளிம்பும் மிளகாய் அரைத்துத் தடவினது போலக் காந்தின. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் சிங்காநல்லூரில் பார்லர் திறந்து ஆறு மாசம்தான் ஆகிறது. மத்தியானச் சோறுகூட உண்ணாமல் என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எரிகிறது என்று சொன்னால் அவள் மனசு சங்கடப்படுமே என்று இருந்துவிட்டேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி. பஸ்ஸில் ஒருத்தர் எங்கள் காலை மிதித்தாலும், 'பரவால்லீங்க, நல்லா நில்லுங்க' என்று நாங்கள்தான் சொல்வோம்.

பழியை அவள் மேல் போடவும் முடியாது. ஆரம்பத்திலேயே, "காதுக்குப் பின்னால ஒரு துளி தடவி ரெண்டு நாள் பாத்துட்டு அப்பறம் பூசலாங்க்கா" என்றாள். ரெண்டு நாளுக்கு நான் எங்கே போவது? அன்றைக்குத் திங்கள்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் சீர். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க, பூசி உடுங்க" என்று சொன்ன மகராசி நானேதான்.

கல்யாணம் என் தம்பி கிருபாசங்கருக்கு. அவனுக்கு முப்பத்தெட்டு வயசு. சிங்காநல்லூரில் பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைகிற பட்டறை வைத்திருக்கிறான். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, அதிர்ந்து பேச மாட்டான். ஆனாலும் எங்கள் ஊர்ப் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது எத்தனை கஷ்டம் என்பது ஊருக்கே தெரியும். பன்னிரண்டு வருஷம் தேடினோம். என்னைக் கட்டிக்கொடுத்த மதுக்கரையிலிருந்து கிளம்பி வந்து, ஒவ்வொரு பெண் வீட்டிலும் கேசரியும் போண்டாவும் சாப்பிட்டுச் சாப்பிட்டே ஆறு கிலோ ஏறிவிட்டேன். கடைசியில் பிரவீனா வந்தாள். நல்ல பெண். அவனைப் பார்த்துச் சிரித்தாள், அவனும் சிரித்தான், முடிந்தது.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மணப்பெண் வந்து உட்காருவதற்கு முன்னால், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கூடப் பிறந்தவள் இணையாக உட்கார வேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவள் கையில். இனிமேல் இவன் இன்னொருத்திக்குச் சொந்தம், அதற்கு முன்னால் ஒருதரம் உனக்கு என்று எல்லோரும் சேர்ந்து கொடுக்கிற நேரம் அது. எனக்கு அப்படித்தான் படும். எங்கள் அப்பா இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்த மணையில் உட்காருவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு வயசு வரை தலைக்குத் தேங்காயெண்ணெய், முகத்துக்கு மஞ்சள் என்று இருந்தவள், அந்த ஒரு படத்தில் நரை தெரியக்கூடாது என்றுதான் பார்லர் படியேறினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கண் திறக்கவில்லை. விரலால் இமையைப் பிரித்துத்தான் கண்ணாடி பார்த்தேன். நெற்றி உப்பி, காதுகள் தடித்து, கழுத்து வரைக்கும் செக்கச்செவேலென்று தடிப்பும் கொப்புளமும். காபி கொண்டுவந்த அம்மா டம்ளரை நிதானமாக ஜன்னலில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள்.

"ஆத்தா, மாரியாத்தா! கல்யாண ஊட்டுக்கா வரோணும் நீயி?"

"அம்மா, இது அம்மை இல்லம்மா. மண்டைக்குப் பூசுன சாயம்."

"நீ சொன்னா நான் நம்பிக்குவேன் அம்மணி. பாக்கறவங்க நம்போணுமே?" அம்மா கூப்பின கையை இறக்கவில்லை. "பன்னெண்டு வருசம் தேடிக் கெடைச்ச பொண்ணு. அம்மை போட்ட ஊடுன்னு அவிங்க ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா?"

அவள் பயம் நியாயம்தான். அம்மை கண்ட வீட்டில் விசேஷம் வைக்க மாட்டார்கள். நாளைத் தள்ளிப் போடுவார்கள். தள்ளிப் போட்ட கல்யாணம் என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரர் தனபால் என்னை முக்காடு போடவைத்துத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்தம்மா பார்த்தவுடனே கேட்டார்: "இதுக்கு முன்னாடி கறுப்பு மருதாணி வெச்சு அரிச்சிருக்குதுங்களா?" அரித்திருக்கிறது. என் மகள் ரித்திகா வயசுக்கு வந்து சீர் செய்தபோது கோன் வைத்துக்கொண்டு பத்து நாள் கையைச் சொறிந்தேன். அப்போதும் வைத்துவிட்ட பெண்ணிடம் 'பரவால்லீங்க' என்றுதான் சொன்னேன். கறுப்புச் சாயம் எனக்கு ஆகாதாம், இனி வாழ்நாளைக்கும் தொடக்கூடாதாம். ஊசி போட்டு, மாத்திரையும் களிம்பும் எழுதி, "வீக்கம் முழுசா எறங்க அஞ்சு நாளாச்சும் ஆவுங்க" என்றார். எனக்கு இருந்தது ஒன்றரை நாள்.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி ஒரு உதவி கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே தன் தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்: 'இது அம்மை அல்ல. சாயத்தால் வந்த ஒவ்வாமை. பிறருக்குத் தொற்றாது.' இவர் அதை ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்துகொண்டார். கல்யாணப் பத்திரிகையைக்கூட மனுஷர் இத்தனை பேருக்குக் காட்டியதில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் "அப்படீங்களா, செரீங்க, செரீங்க" என்றார்கள். சொல்லிக்கொண்டே இரண்டடி தள்ளி நின்றார்கள்.

கயல்விழி போன் செய்து அழுதாள். "பரவால்லீங்க கண்ணு, சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் உள்ளறையில் தனியாகப் படுத்திருந்தேன். வெளியே பந்தல்காரர்கள் சத்தம், வாழைமரம் இறங்குகிற சத்தம். எனக்கு மட்டும் மூடின கதவு. முன்பும் இப்படி ஒருதரம் படுத்திருக்கிறேன்.

பத்து வயசில் எனக்கு நிஜமாகவே அம்மை போட்டது. அப்பா மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். மில்லுக்குப் பின்னாலேயே லைன் வீடு, ஒரே ஒரு அறை. கிருபாவுக்கு ஆறு வயசு. ஒட்டிக்கொள்ளும் என்று அவனை உக்கடத்தில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நிலையில் வேப்பந்தழை, அடுப்பில் தாளிப்பு இல்லை, என்னோடு பேச ஆள் இல்லை. மில் சங்கை வைத்துத்தான் நேரம் தெரியும். மூன்றாம் நாள் மத்தியானச் சங்கு ஊதி அடங்கின நேரம், கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு கிருபா நிற்கிறான். யாரோ ஒரு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி, சிங்காநல்லூரில் இறங்கி, சங்குச் சத்தம் வந்த பக்கமாக நடந்தே வந்திருக்கிறான். ஒரு கால்தான் செருப்போடு இருந்தது.

"அக்கா, எரியுதா?"

"எரியுதுடா."

"ஊதட்டுமா?"

பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பங்கொத்தால் தடவி விட்டு, நெற்றியில் ஊதினான். வாய் வலிக்க வலிக்க ஊதினான். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த அம்மா குடத்தோடு அலறியது இன்றைக்கும் காதில் இருக்கிறது. பதினைந்தாம் நாள் அவனுக்கும் போட்டது. சொன்ன பேச்சைக் கேட்காமல் அவன் சொறிந்தான். வலது புருவத்துக்கு மேலே ஒரு குழி நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அந்த வீட்டில் மழை பெய்தால் ஒழுகும். நாலு பேரும் ஒரே பாயில் படுப்போம். ஆனால் அப்போதெல்லாம் எரிந்தால் எரிகிறது என்று சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது. அதை எந்த வயசில் தொலைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்லடம் பக்கம் ஒரு பெண் வீட்டில், "மாப்பிள்ளை மூஞ்சியில குழி இருக்குது, அம்மைத் தழும்பாட்ட" என்று உள்ளே பேசிக்கொண்டது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. அந்த இடம் தட்டிப் போனது. அவனிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. அவன் புருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். என்னால் வந்தது அல்லவா அது?

புதன்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் கண் பாதி திறந்திருந்தது. முகம் அப்படியேதான் இருந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பக்கத்து அறையில் காத்திருந்தேன். சீர்களை முன்னின்று செய்துவைக்கிற அருமைக்காரர், சென்னிமலை மாமா, கதவோரம் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏனுங்க அம்மணி, இப்ப எப்படீங்க இருக்குது?"

"பரவால்லீங்க மாமா."

"நாஞ் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க நெறையா வந்துட்டாங்க. ஆளுக்கொண்ணு பேசறாங்க. உங்க சித்தப்பா மக ஹர்ஷிணியும் மாப்பிள்ளைக்குத் தங்கச்சி மொறைதானுங்களே…"

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது தரையைத்தான் பார்த்தார். நான் என்ன செய்தேன்? கைகூப்பி, "அதுக்கென்னங்க மாமா, ஹர்ஷிணியே உக்காரட்டுங்க" என்றேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கண்ணீர் பட்ட இடமெல்லாம் எரிந்தது.

வெளியே மேளம் நின்றது. யாரோ "மாப்பிள்ளை எந்திரிக்கக் கூடாதுங்க" என்று சொல்வது கேட்டது. கதவு திறந்தது. பட்டு வேட்டியும் மாலையுமாகக் கிருபா நின்றான். மேக்கப் போடுகிறவர் அவன் முகத்தை வழவழவென்று ஆக்கியிருந்தார். புருவத்துக்கு மேலே குழி இருந்த இடமே தெரியவில்லை.

"ஏன்க்கா, நீயே வேண்டாம்னு சொன்னியாமா?"

"ஆமாங் கண்ணு. இந்த மூஞ்சிய வெச்சுட்டு எதுக்கு? ஆல்பமே கெட்டுப்போயிரும். நீ போயி உக்காரு சாமி."

அவன் போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எரியுதா?"

'இல்லை' என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த ஒரு சொல் வரவில்லை.

"எரியுதுடா" என்றேன். "மூஞ்சியும் எரியுது, வயிறும் எரியுது. அந்த மணையில வேற யாரும் உக்காரக் கூடாது. நாந்தான் உக்காரோணும்."

"இதைச் சொல்றதுக்கு உனக்கு இத்தனை நேரமா?" என்று கேட்டு என் கையைப் பிடித்தான்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மணையிலிருந்து ஹர்ஷிணி சட்டென்று எழுந்துகொண்டாள். என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ லேமினேஷன் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. சென்னிமலை மாமா மெதுவாக, "கண்ணு, டாக்டரு எழுதுனது செரிதானுங்க. ஆனாலும் ஒருவேளை அம்மையா இருந்துபோட்டா…" என்று இழுத்தார்.

கிருபா தோள் துண்டை எடுத்துச் சொம்புத் தண்ணீரில் நனைத்தான். நெற்றியில் வைத்து அழுத்தித் துடைத்தான். பூச்சு கரைந்து துண்டில் இறங்கியது. வலது புருவத்துக்கு மேலே அந்தக் குழி பளிச்சென்று தெரிந்தது. பெண் வீட்டார் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

"இது என்னதுங்க மாமா?"

"அம்மைத் தழும்புங்க."

"எங்கக்காளுக்குப் போட்டு எனக்கு ஒட்டுனதுங்க. பக்கத்துல உக்காந்து நானே வாங்கிக்கிட்டது. ஒருக்கா போட்டவங்களுக்கு மறுக்கா போடாதுன்னு நீங்கல்லாந்தானுங்க சொல்வீங்க? அப்பறம் இது எப்படீங்க அம்மையாவும்?"

அம்மாவின் குரல்தான் முதலில் வந்தது: "அட ஆமாங்க! எம்புள்ளைக்குப் பத்து வயசுலயே போட்டுருச்சே! லைன் ஊட்டுல நாந்தானே தண்ணி ஊத்துனேன்!" இரண்டு நாளாக அவளுக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பயம் வந்தால் புத்தி வெளியே போய்விடுகிறது.

முன்வரிசையிலிருந்து பிரவீனாவின் அம்மா எழுந்தார். "ஏனுங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. அக்காளே உக்காரட்டுங்க. கூடப் பொறந்தவ இருக்கறப்ப வேற ஆளு எதுக்குங்க?" என்றார்.

சென்னிமலை மாமா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "வாங்க அம்மணி, வாங்க. நேரமாவுது" என்று மணையைத் தட்டினார்.

உட்கார்ந்தேன். கூறைச்சேலையின் தலைப்பை என் கையில் கொடுத்தார்கள். மேளம் மறுபடி எழுந்தது. போட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்து ஒரு நொடி தயங்கிவிட்டு எடுக்க ஆரம்பித்தார். விளக்குச் சூட்டில் நெற்றி மறுபடி காந்தியது. கிருபா என் பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, எரியுதா?"

"எரியுதுடா."

"ஊதட்டுமா?"

"டேய், அறுநூறு பேரு பாக்கறாங்கடா."

அதற்குள் ஊதிவிட்டான். கழுத்து மாலை நசுங்க என் பக்கம் திரும்பி, கன்னத்தை உப்பிக்கொண்டு, என் நெற்றியில் ஊதினான்.

"இப்ப எப்படி இருக்குது?"

"நல்லா ஜில்லுன்னு இருக்குதுடா" என்றேன். இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை.