முதலில் கேட்டவளுக்கு லீவு

எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர், தன் பையைத் தூக்கி வருபவர்களுக்கு மட்டும் லீவு கொடுப்பார். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கண் என்னுடையது. அதனால் லாண்டரியின் இஸ்திரிப் பகுதி என் பொறுப்புக்கு வந்த அன்றே சொல்லிவிட்டேன்: ஒரு நாளைக்கு ஒருத்திக்குத்தான் லீவு. முதலில் கேட்டவளுக்குத்தான். அதுவும் என் மேசைக்கு வந்து கேட்க வேண்டும். வழியில் சொன்னது, பஸ்ஸில் சொன்னது எதுவும் செல்லாது.

நியாயமான சட்டம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. நான் உள்ளே நுழைந்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். "அந்தம்மா சிரிச்சா மழை வரும்" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

வாயாடி மட்டும் மாறவில்லை. அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வைத்ததே நான்தான். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே தெருவில் குடியிருந்தோம். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று பகலெல்லாம் அவளும் தள்ளித்தான் இருப்பாள். சாயங்காலம் சேர்ந்து வீட்டுக்கு நடக்கும்போது வாடி போடி என்று ஆரம்பித்து, சேர்த்துவைத்த வம்பையெல்லாம் அவிழ்த்துவிடுவாள். அந்த நடையை நம்பித்தான் நான் பகலை ஓட்டினேன்.

ஒருநாள் நடக்கும்போது சொன்னாள்: "தம்பி வேலை செய்யற கப்பல் இங்க வருதுடி. வியாழக்கிழமை ஒரே ஒரு நாள்தான் நிக்குமாம். அன்னிக்கு நான் வரமாட்டேன், பாத்துக்கோ."

அவள் தம்பி கப்பலில் சமையல்காரன். அவனை நேரில் பார்த்து வருஷக்கணக்காயிற்று. எனக்கும் சந்தோஷம்தான். "மேசைக்கு வந்து கேளு" என்றேன்.

"ஆமாமா, கால்ல விழுந்தே கேக்கறேன்" என்று சிரித்தாள்.

அவள் மேசைக்கு வரவில்லை. நான் நினைவுபடுத்தவும் இல்லை. மற்றவர்களுக்குச் செய்யாததை அவளுக்கு மட்டும் எப்படிச் செய்வது? அதற்குள் துணி மடிக்கிற பெண் மேசைக்கு வந்து, தங்கைக்குப் பிரசவம் என்று அதே வியாழனைக் கேட்டாள். கொடுத்தேன்.

லீவு போர்டில் எழுதியதைப் பார்த்துவிட்டு வாயாடி ஓடி வந்தாள்.

"உங்கிட்ட சொன்னேனே!"

"வழியில சொன்னே. இங்க வந்து கேக்கல."

"நமக்குள்ளயுமா?"

இஸ்திரி போடும் உருளை மெஷினில் விரிப்புகளைச் செலுத்திக்கொண்டிருந்த கைகள் மெதுவாயின. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். போன மாதம் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இதே சட்டத்தால் லீவு கிடைக்காதவளும் அவர்களில் இருந்தாள்.

"எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன்.

"சரிங்க மேடம்."

மேடம்! அதற்குப் பதில் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அன்று சாயங்காலம் அவள் எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். மறுநாளும் அப்படியே. வழி முழுக்க என் செருப்புச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. வீடு இவ்வளவு தூரம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தம்பியே லாண்டரி கேட்டுக்கு வந்துவிட்டான். அவள் சாப்பிடாமல் வெளியே ஓடினாள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

"நீங்கதானா அக்கா?" என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "போன் பண்ணா உங்க பேச்சுதான். தனியா இருக்கியேன்னு நான் புலம்பினா, 'கூடப் பொறக்காத அக்கா ஒருத்தி இருக்காடா எனக்கு'ம்பா."

வாயாடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ வேலை இருப்பதுபோல் நான் உள்ளே திரும்பிவிட்டேன்.

இடைவேளை முடிந்ததும் பெல் அடிப்பது நான்தான். ஒரு நிமிஷம்கூட முன்பின் ஆனதில்லை. நேரமாயிற்று, சுவிட்சில் விரல் வைத்தேன், அழுத்தவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால், அவள் தம்பியின் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்தவர்கள் கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என்ன வேண்டுமானாலும் பேசட்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன்.

அவளும் நேரத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்தபடி வேகமாக உள்ளே வந்து, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் நின்றாள்.

"நேரமாயிடுச்சு மேடம். பெல் அடிக்கலியா?"

அடித்தேன். எல்லாரும் எழுந்து வேலைக்குப் போனார்கள்.