கடைசி வண்டி உள்ளே வந்தாச்சு

என் தங்கை லினெட்டின் கல்யாணத்தை நடுரோட்டில் நிறுத்திய பெருமை எனக்குத்தான் சேரும். ஊரில் இன்னும் அதை மாப்பிள்ளை டெஸ்மண்ட் தலையில்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை.

லினெட்டுக்கு ஐம்பத்தொன்பது, டெஸ்மண்டுக்கு அறுபத்துமூன்று. இருவரும் இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷயர் பழைய கார் கிளப்பில் உறுப்பினர்கள். ஞாயிறுதோறும் கூரையில்லாத பதினைந்து குட்டிக் கார்கள் வரிசையாகக் கிளம்பும். முதல் வண்டி டெஸ்மண்டுடையது, கடைசி வண்டி லினெட்டுடையது. வாக்கிடாக்கி இந்த இருவரிடம் மட்டும்தான். ஒன்பது வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நடுவில் பதின்மூன்று கார்களை வைத்துக்கொண்டு காதலித்தார்கள். இதை எனக்குப் புரியவைக்க அவள் பலமுறை முயன்று தோற்றிருக்கிறாள்.

அந்த கிளப்பின் சட்டதிட்டங்கள் பார்லிமெண்டில்கூட இருக்காது. தங்களுக்குள் ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். வெளியாள் நுழையக் கேட்டால் சிரித்த முகத்தோடு இடம் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ரவுண்டானா வந்தால், "கடைசி வண்டி உள்ளே வந்தாச்சு" என்று லினெட் சொன்ன பிறகுதான் முதல் வண்டி வெளியேறலாம். சொல்லாவிட்டால் இன்னொரு சுற்று. யாரும் வழியில் அநாதையாகிவிடக் கூடாதாம்.

கல்யாணத்துக்கும் அப்படித்தான் போவேன் என்று அடம்பிடித்தாள். வெள்ளை கவுனோடு அவள் ஓட்ட, பக்கத்தில் நான், தொப்பியைப் பிடித்துக்கொண்டு. பன்னிரண்டு மணிக்குச் சர்ச்சில் இருக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு அங்கே வேறு ஜோடி. ஐந்து நிமிஷம் தாமதமானாலும் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பாதிரியார் கறாராகச் சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை தேதி குறித்துவிட்டு, பயந்துபோய்த் தள்ளிவைத்தவள் லினெட். மூன்றாவது முறை தள்ளினால் டெஸ்மண்ட் தாங்க மாட்டார் என்று எனக்கே தெரியும்.

ஹோட்டல் வாசலிலிருந்து கிளம்பியதும் வாக்கிடாக்கியைப் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டேன்.

"மாரியன் அக்கா, அத குடு."

"கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை பொண்ணைப் பாக்கக் கூடாது, பேசவும் கூடாது. சர்ச்சுல போய்ப் பேசிக்கோ."

"பேசக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். அம்மா இருந்தா இதத்தான் சொல்லியிருப்பாங்க."

அம்மா அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் அம்மா பெயரை இழுத்தால் லினெட் வாயடைத்துப்போவாள். அன்றும் அப்படித்தான்.

வழியில் ஒரே ஒரு ரவுண்டானா. நடுவில் புதர் மண்டிய மேடு, அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. பதினைந்து கார்களும் ரிப்பன் பறக்க உள்ளே நுழைந்தன. எங்களுக்குப் பின்னால் விருந்துக்கான பன்களை ஏற்றிய ஒரு உயரமான ரொட்டி வேன். வேன்காரனுக்குச் சர்ச்சுக்கு வழி தெரியாது, எங்களைத் தொடர்ந்து வரச் சொல்லியிருந்தோம்.

ஒரு சுற்று முடிந்தது. யாரும் வெளியேறவில்லை.

"வழிய விட்டுட்டாரா உன் ஆளு?"

"அவரா? நான் சொல்லணும்னு காத்திருக்காரு, அக்கா."

இரண்டாவது சுற்றில் முதல் வண்டி ஒரு வட்டம் அடித்து ரொட்டி வேனுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வளையம் மூடிவிட்டது. தலை எது, வால் எது என்று கடவுளுக்கே தெரியாது. நாலு பக்கமும் வண்டிகள் நின்றன. ஒரு விவசாயி டிராக்டரை அணைத்துவிட்டுச் சாண்ட்விச்சைப் பிரித்தார். ஏதோ திருவிழா என்று நினைத்து ஒரு பஸ் முழுக்கக் கையசைத்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. லினெட்டும் சிரித்தாள், கண்ணில் நீர் வர. மணி பதினொன்று ஐம்பது.

அப்போது என் கைப்பை பேசியது.

"கடைசி வண்டி, உள்ள வந்தாச்சா?"

நான் பையை இறுக்கிப் பிடித்தேன்.

மூன்றாவது சுற்று. "கடைசி வண்டி? எனக்கு முன்னாடி ஒரு ரொட்டி வேன்தான் தெரியுது. உன்னக் காணோமே." கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு குரல் தணிந்து வந்தது. "லின், நீ வீட்டுக்குத் திரும்பிட்டேன்னா சொல்லிடும்மா. எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. நீ பத்திரமா இருக்கேன்னு மட்டும் தெரிஞ்சா போதும். அதுவரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது. பையைத் திறந்து வாக்கிடாக்கியை அவள் வாயருகே பிடித்து, பொத்தானையும் நானே அழுத்தினேன்.

"டெஸ்மண்ட்," என்றாள். "கடைசி வண்டி உள்ள வந்தாச்சு. அந்த ரொட்டி வேனுக்கு முன்னாடி பாரு."

வேனுக்குப் பக்கவாட்டில் ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. நான் தொப்பியைக் கழற்றி ஆட்டினேன்.

"அக்கா, இப்ப யாரு முதல்ல வெளிய போறது?"

"கடைசின்னும் முதல்னும் இதுல எங்கடி இருக்கு? மணியப் பாரு. திருப்பு."

அவள் திருப்பினாள். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு முன்னால் வெறும் சாலை. பின்னால் ரொட்டி வேன். அதற்கும் பின்னால் டெஸ்மண்ட். வெளியேறியதுமே ஓரத்தில் வண்டி நிறுத்த ஓர் இடம் உண்டு. அவர் அங்கே ஒதுங்கி, யாரும் வழி தவறாதபடி மற்ற பதின்மூன்று பேரையும் கையசைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அதுவும் சட்டமாம்.

"சீக்கிரம் வாய்யான்னு சொல்லு," என்றேன்.

"சொல்ல மாட்டேன். யாரையாவது விட்டுட்டு வந்தா அவரு அவராவே இருக்க மாட்டாரு."

சர்ச் வாசலில் நின்றபோது பதினொன்று ஐம்பத்தேழு. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படியில் நின்றார். கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. லினெட் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று உதடு மட்டும் எண்ணியது.

மணி அடிக்கத் தொடங்கியது. என் கையில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"லின், கடைசி வண்டி உள்ள வந்தாச்சு."

ஒன்பது வருஷமாக அவள் சொல்லி அவர் கேட்ட வார்த்தை. அவள் அதைக் கேட்டது அன்றுதான். முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

"எறங்குடி," என்றேன். "அழுறத உள்ள போய் அழு."

என் கைக்குட்டையை அவளிடம் கொடுத்துவிட்டேன். எனக்குக் கண் துடைக்க ரொட்டி வேன்காரன்தான் ஒரு காகிதக் கைக்குட்டை தந்தான்.